நான் எதையும் தொடலை

உலகத்தில் எந்தக் கணினியும் இதுவரை யாரும் தொட்டுக் கெட்டுப்போனதில்லை. சந்தேகம் இருந்தால் அந்த மருத்துவமனையின் கீழ்த்தளத்தில், சலவை அறைக்கும் சர்வர் அறைக்கும் நடுவே இருக்கும் கணினிப் பிரிவில் அரை நாள் உட்கார்ந்து பாருங்கள். தொலைபேசி அடிக்கும். எதிர்முனையில் மருந்தகத்துக்காரரோ, மூன்றாம் மாடி நர்ஸோ, பெரிய டாக்டரோ, யாராக இருந்தாலும் முதலில் சொல்வது ஒன்றுதான்: "நான் எதையும் தொடலைங்க. அதுவா நின்னுடுச்சு." போய்ப் பார்த்தால் பிளக்கைப் பிடுங்கிவிட்டு அந்த இடத்தில் தன் போனை சார்ஜில் போட்டிருப்பார்கள்.

இருபது வருஷமாக அந்தப் பிரிவில் உட்கார்ந்து இதைக் கேட்டு அக்காவுக்குக் காது புளித்துப் போயிருந்தது. அவளுக்குப் பெற்றோர் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும்தான் இருந்தது. மற்றபடி வாசல் காவலரிலிருந்து அறுவை சிகிச்சை நிபுணர் வரை, அவளைவிடப் பத்து வயது மூத்தவர்கள் உட்பட, எல்லோருக்கும் அவள் அக்காதான். அதற்குக் காரணம் கேபிள்.

கேபிள் என்பதும் பட்டப்பெயர்தான். ஆள் ஒல்லி, உயரம். அந்தக் கட்டடத்தின் கூரைக்குள்ளும் சுவருக்குள்ளும் ஓடுகிற வயர்கள் எல்லாம் அவன் இழுத்தவை. வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் அவளை வாய்க்கு வாய் "மேடம், மேடம்" என்றான். அவள் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, "தம்பி, நீ மேடம்னு சொல்லும்போதெல்லாம் எனக்குப் பின்னாடி யாரோ பெரிய மனுஷி வந்து நிக்கிறாங்களோன்னு திரும்பிப் பாக்க வேண்டியிருக்கு. கழுத்து வலிக்குது. அக்கான்னே கூப்பிடு" என்றாள். அவன் அன்றைக்குப் பிடித்ததுதான். அவன் வாயிலிருந்து அது வார்டு வார்டாகப் பரவி மருத்துவமனை முழுக்க ஒட்டிக்கொண்டது.

பன்னிரண்டு வருஷமாக இருவருக்கும் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. தொலைபேசியில் யாராவது "நான் எதையும் தொடலைங்க" என்று ஆரம்பித்தால் கேபிள் ஒன்றும் பேசமாட்டான். தன் வலது காது மடலைப் பிடித்து மெல்ல ஒரு இழு இழுப்பான். பொய் வந்து விழுந்தது என்று அர்த்தம். அக்கா சிரிப்பை அடக்கிக்கொண்டு, "சரிங்க, ஆளை அனுப்புறேன்" என்பாள். எத்தனை ஆயிரம் அழைப்பு வந்தாலும் அந்தக் காது இழுப்பு அவர்களுக்கு அலுக்கவில்லை.

அப்படிப் போய்க்கொண்டிருந்த பிழைப்பில்தான் புது நிறுவனம் வந்து புகுந்தது. மருத்துவமனைக் கணினிகளைப் பராமரிக்கும் ஒப்பந்தம் கைமாறியது. ஆட்கள் அதே ஆட்கள், மேலாளர் மட்டும் புதியவர். சட்டைக் காலர் கசங்காத இளைஞர். வந்த வாரமே எல்லோரையும் கூட்டி, கணினிப் பராமரிப்புக்கான அடிப்படைச் சான்றிதழ் இல்லாத யாரும் இனிமேல் சர்வர் அறைக்குள் கால் வைக்கக் கூடாது, அது நிறுவனத்தின் விதி, என்று அறிவித்தார். பரீட்சை எழுத வேண்டும். தவறினால் இன்னும் ஒரே ஒரு தடவை எழுதலாம். அதிலும் தவறினால் ஊருக்கு வெளியே இருக்கும் கிடங்குக்கு மாற்றல். அங்கே வேலை, பழைய கணினிகளைப் பெட்டியில் போட்டு டேப் ஒட்டுவது.

அந்தப் பரீட்சை, பள்ளிக்கூடம் முடித்துவிட்டு முதல் வேலை தேடுகிற பிள்ளைகள் எழுதுவது. அக்காவுக்குச் சுருக்கென்றது.

"எங்களுக்குமா?" என்றாள்.

"சும்மா ஒரு சம்பிரதாயத்துக்குத்தான், மேடம்" என்றார் மேலாளர்.

"இருபது வருஷமா பஸ் ஓட்டுறவரைக் கூப்பிட்டு, 'எங்க, ஸ்டியரிங் எதுன்னு தொட்டுக் காட்டுங்க'ன்னு கேட்டா எப்படிங்க இருக்கும்?"

அறை சிரித்தது. சிரிப்பு என்பது பொல்லாத சாமான். ஒரு தடவை கிடைத்துவிட்டால் மனுஷனுக்கு இன்னொரு தடவையும் கேட்கும். அக்காவுக்கும் கேட்டது. எழுந்து நின்று, "சரி, எழுதுறோம். ஆனா ஒண்ணு சொல்லிடுறேன். நான் புத்தகத்தைக் கையாலகூடத் தொட மாட்டேன். தொடாமலே பாஸ் பண்ணிக் காட்டுறேன்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். எல்லோரும் கை தட்டினார்கள். எல்லாரையும்விடப் பலமாகத் தட்டியது கேபிள்.

அன்று சாயங்காலம் வீட்டுச் சமையலறையில் தண்ணீர் கொதிக்கிற நேரத்தில், விளையாட்டாக, அக்கா போனில் மாதிரித் தேர்வு ஒன்றைத் திறந்தாள். தண்ணீர் கொதித்து, வற்றி, பாத்திரத்தின் அடி கருகும் வாசனை வந்தபோதுதான் தலையை நிமிர்த்தினாள். பாதிக்கும் கீழே மதிப்பெண். திரை சிவப்பில், "மீண்டும் முயற்சி செய்யுங்கள்" என்றது.

முதலில் சிரித்தாள். பிறகு கேள்வி தயாரித்தவனைத் திட்டினாள். பிறகு மறுபடி எழுதினாள். இரண்டு மதிப்பெண் குறைந்தது.

விஷயம் என்னவென்றால், அந்தக் கேள்விகள் வேலை தெரியுமா என்று கேட்கவில்லை. வேலையை அவர்கள் சொல்கிற வரிசையில், அவர்கள் வைத்த பெயரில் தெரியுமா என்று கேட்டன. லேசர் பிரிண்டருக்குள் காகிதம் நுழைந்து வெளியே வருவதற்குள் என்னென்ன நடக்கிறது, வரிசையாகச் சொல் என்றன. அவள் திறந்து மூடிய பிரிண்டர்களை அடுக்கினால் மருத்துவமனை உயரத்துக்கு வரும். ஆனால் உள்ளே நடப்பதற்கு ஒவ்வொரு பெயர் இருக்கிறது என்பதே அவளுக்குத் தெரியாது. எந்தக் காலத்திலும் கண்ணால் பார்த்திராத இணைப்பிகளின் படத்தைப் போட்டு இது என்ன என்றன. எல்லாவற்றையும்விட மோசம், 'முதலில்' என்ற சொல். 'ஒருவரின் கணினியில் வலைத்தொடர்பு இல்லை. நீங்கள் முதலில் என்ன செய்வீர்கள்?' கீழே நான்கு விடை. நான்கையும் அவள் செய்வாள். எதை முதலில் செய்வாள் என்று அவளுக்கே தெரியாது. கை தெரிந்துகொண்டு போகும், அவள் பின்னால் போவாள். ரீஸ்டார்ட் செய்வேன் என்று தொட்டால், தவறு. வயரைப் பார்ப்பேன் என்று தொட்டால், தவறு. முதலில் அந்த ஆளிடம் என்ன நடந்தது என்று கேட்க வேண்டுமாம்.

"கேட்டா பொய்தானேடா சொல்வான்!" என்று போனைப் பார்த்துக் கத்தினாள். பக்கத்து அறையிலிருந்து கணவர், "யாரு?" என்றார். "ராங் நம்பர்" என்றாள்.

அன்று ஆரம்பித்த பதற்றம் அப்புறம் அவளை விட்டு இறங்கவேயில்லை. உட்கார்ந்தால் கால் ஆடியது. நின்றால் எங்கேயாவது போக வேண்டும் போலிருந்தது. புத்தகம் வாங்க, மருத்துவமனைக்காரர்கள் யாரும் வராத தெருவாகப் பார்த்து, இரண்டு பஸ் மாறிப் போனாள். கடைக்காரர் புத்தகத்தை எடுத்துக் கொடுத்துக்கொண்டே, "பையனுக்கா, மேடம்?" என்று கேட்டார். "ஆமா, பையனுக்குத்தான்" என்றாள். அவளுக்கு இருப்பது ஒரே மகள்.

புத்தகத்துக்குப் பழைய காலண்டர் தாளைத் திருப்பிப் போட்டு அட்டை போட்டாள். வீட்டில் அது அழுக்குக் கூடைக்குள், படுக்கை விரிப்புகளுக்கு அடியில் வசித்தது. வெளியே போனால் கைப்பைக்குள், சாப்பாட்டு டப்பாவுக்குக் கீழே. குளியலறையில் படித்தாள். பஸ்ஸில், ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு படித்தாள். மருத்துவமனைக்கு இரண்டு நிறுத்தம் முன்னாலேயே இறங்கி, ஒரு மூடிய கடையின் படியில் உட்கார்ந்து படித்துவிட்டு மீதியை நடந்தாள். இத்தனை திருட்டுத்தனம் அவள் காதலித்த காலத்தில்கூடச் செய்ததில்லை.

"ஏம்மா, வயித்துல ஏதாவது பிரச்சினையா?" என்று கணவர் ஒரு நாள் காலையில் குளியலறைக் கதவுக்கு வெளியே நின்று அக்கறையாகக் கேட்டார். "உள்ள போனா வரவே மாட்டேங்குறியே. டாக்டரைப் பாத்துடலாமா?"

"ஒண்ணுமில்ல. வர்றேன்" என்றாள் அவள், லேசர் பிரிண்டரின் நான்காம் கட்டத்திலிருந்து.

கணவரை ஏமாற்றலாம், மகளை முடியுமா? பள்ளி இறுதி வகுப்பு படிக்கிறவள். துணி துவைக்கிற முறை அவளுடையது என்பதை அக்கா மறந்துபோன ஒரு நாள், மகள் காலண்டர் தாள் அட்டையைப் பிரித்துப் பார்த்துவிட்டு நேராக வந்து அம்மாவின் முன்னால் நீட்டினாள்.

"இது என்னம்மா?"

"சத்தம் போடாத. ஆபீஸ் பரீட்சை."

"அதை ஏன் அழுக்குத் துணிக்குள்ள வச்சிருக்க?"

அக்கா கதையைச் சொன்னாள், சிரிக்கச் சிரிக்கச் சொன்னதாகத்தான் நினைப்பு. மகள் சிரிக்கவில்லை. "எங்க கிளாஸ்ல ஒருத்தி இருக்கா. எப்பவும் முதல் மார்க். பரீட்சை ஹாலுக்கு வெளிய நின்னுட்டு, 'ஐயோ, நான் ஒண்ணுமே படிக்கலைடி'ன்னு அழுவா. அதை நம்பி நாங்களும் அவகூட நின்னு அரட்டை அடிப்போம். உள்ள போய் அவ மட்டும் எழுதிட்டு வருவா." புத்தகத்தைக் கூடையில் போட்டுவிட்டு, "அவளை எங்க யாருக்கும் பிடிக்காது" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அக்காவுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. நேற்று முளைத்தது, எனக்குப் பாடம் எடுக்கிறது என்று வாய்க்குள் முணுமுணுத்தாள். ஆனாலும் அன்று படித்ததில் ஒரு வரி மண்டையில் ஏறவில்லை.

அடுத்த வாரம் கேபிள் ஒரு பிளாஸ்டிக் பையோடு வந்தான். அறையில் எல்லோரும் இருந்தார்கள். அவன் நாற்காலியை அக்காவின் பக்கம் இழுத்துப் போட்டு, பையிலிருந்து அதே புத்தகத்தைப் பாதி மட்டும் வெளியே எடுத்தான். மடங்காத புதுப் புத்தகம்.

"அக்கா," என்றான் தணிந்த குரலில், "எனக்கு உள்ளுக்குள்ள கொஞ்சம் உதறுது. உண்மையச் சொல்லுங்க, இதைப் படிக்கணுமா? நீங்க பக்கத்துல உக்காந்தா போதும், சேர்ந்து பாத்துடலாம். சாப்பாட்டு நேரத்துல."

அவளுடைய புத்தகம் அப்போது அவள் காலடியில், கைப்பைக்குள், அவன் செருப்புக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது. 'ஆமாம்பா, படிக்கணும். நான் பெயிலாயிட்டுதான் படிச்சிட்டிருக்கேன்' என்று சொல்ல ஒரு நொடி போதும். அவள் வாயைத் திறந்தாள். அதற்குள் பின்னால் யாரோ, "ஏய், கேபிள் புத்தகம் வாங்கிட்டாரு!" என்றார்கள். எல்லாத் தலையும் திரும்பியது. அந்தச் சிரிப்பு மறுபடியும் அவளுக்காகக் காத்திருந்தது.

"என்னப்பா தம்பி," என்றாள் அக்கா, எல்லோருக்கும் கேட்கும்படி, "நீ இழுத்த வயரைப் பத்தி எவனோ எழுதினதைக் காசு குடுத்து வாங்கிப் படிக்கிறியா? உன் கண்ணைக் கட்டிவிட்டாலும் எழுதிடுவ. என்னைப் பாரு, நான் இதுவரை அதைத் தொடலை."

சொல்லிவிட்டு அவன் கையைப் பார்த்தாள். அது காதுக்குப் போய்விடுமோ? எத்தனையோ குரல்களை, முகம் பார்க்காமலே, மூச்சை வைத்தே பொய் என்று கண்டுபிடித்தவன் அவன்.

கை காதுக்குப் போகவில்லை. கேபிளின் முகம் தெளிந்தது. "அதானே!" என்று சிரித்தான். "நீங்களே சொல்லிட்டீங்க, அப்புறம் என்ன?" அவன் மேசையிலிருந்த மானிட்டர் எப்போதும் கொஞ்சம் தாழ்வாக இருக்கும், குனிந்து பார்த்துப் பார்த்துக் கழுத்து வலி என்று சொல்லிக்கொண்டிருப்பான். புத்தகத்தை அதன் அடியில் சொருகினான். உயரம் கச்சிதமாக அமைந்தது. "பாத்தீங்களா, காசு வீண் போகலை" என்றான்.

அதன்பின் பரீட்சை வரைக்கும் அந்தப் புத்தகம் மானிட்டருக்கு அடியில் கிடந்தது. அக்கா தினமும் அதன் முதுகைப் பார்த்துக்கொண்டே வேலை செய்தாள். நாளைக்குத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிவிடலாம் என்று தினமும் நினைத்தாள். நாளைக்கு என்பது வசதியான சொல். அவனுக்கு இருக்கிற அனுபவத்துக்கு எப்படியும் தேறிவிடுவான், சொல்லித்தான் ஆக வேண்டுமா என்றும் நினைத்தாள். அந்த அனுபவத்தைவிட அதிகமாக வைத்துக்கொண்டு தான் தவறியதை மட்டும் அந்தக் கணக்கில் சேர்க்கவில்லை.

பரீட்சைக்கு இருவரும் ஒரே பஸ்ஸில் போனார்கள். அடைப்பு அடைப்பாகத் தடுத்த மேசைகள், ஒவ்வொன்றிலும் ஒரு திரை. சுற்றிலும் மீசை முளைக்காத பிள்ளைகள். மேற்பார்வைப் பெண் கேபிளைப் பார்த்து, "பெற்றோர்கள் வெளிய காத்திருக்கணுங்க" என்றாள். அவன் வெகு மரியாதையாகத் தன் அடையாள அட்டையைக் காட்டினான். அக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை.

அவளுக்குக் கேள்விகள் எல்லாம் முகம் தெரிந்தவை. 'முதலில்' வந்தது, கேட்பேன் என்றாள். பிரிண்டர் வந்தது, ஒப்பித்தாள். நடுநடுவே கண் முன்வரிசைக்குப் போயிற்று. கேபிளின் நீண்ட முதுகு மேசைத் தடுப்புக்கு மேலே தெரிந்தது. முதலில் அது நிமிர்ந்து இருந்தது. கொஞ்ச நேரத்தில் குனிந்தது. பிறகு ஒரே கேள்வியில் வெகுநேரம் அசையாமல் இருந்தது. அவன் வலது கை மட்டும் மேசைமேல், இல்லாத ஒரு வயரை உருவுவதுபோல, விரலோடு விரலைத் தேய்த்துக்கொண்டிருந்தது.

முடித்தவுடன், தவறிய விடைகளோடு, திரையிலேயே முடிவு வந்துவிடும். அக்காவுக்குப் பச்சை. அத்தனை நாள் தூக்கம் கெட்டதற்கு, ஒரு துளி சந்தோஷம் வர வேண்டாமா? வரவில்லை. வெளியே வந்தால் கேபிள் சுவரில் சாய்ந்து நின்றிருந்தான்.

"அக்கா?"

"பாஸ்."

"தெரியும்!" என்று அவன் முகம் மலர்ந்தது, நிஜமாகவே மலர்ந்தது. "எனக்கு ஊத்திக்கிச்சு" என்றான் பிறகு.

திரும்பி வரும் பஸ்ஸில் அவன் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே பேசிக்கொண்டு வந்தான். "முதல்ல என்ன செய்வீங்கன்னு கேக்குறான்கா. நாலும் சரிதானே? நான் முதல்ல வயரைத்தான் பாப்பேன். பத்துக்கு எட்டு வயர்தான். அது தப்பாம்கா. நீங்க என்னக்கா போட்டீங்க?"

விடை அவள் நாக்கு நுனியில் இருந்தது, பக்க எண்ணோடு. "ஞாபகமில்லப்பா" என்றாள். "ஏதோ தோணுச்சு, தொட்டேன்."

"உங்களுக்குத் தோணுதே" என்றான் அவன், பொறாமையே இல்லாமல்.

மறுநாள் கீழ்த்தளத்தில் கேக் வெட்டினார்கள். அக்கா புத்தகத்தைத் தொடாமலே அடித்துவிட்டாள் என்கிற கதை மாடி மாடியாக ஏறி, மூன்றாம் மாடி நர்ஸ் வந்து கை குலுக்கிவிட்டுப் போனாள். மேலாளரே இறங்கி வந்து, "மேடம், நீங்க சொன்னதைச் செஞ்சிட்டீங்க" என்றார். வந்தவர் போனவருக்கெல்லாம் அந்தக் கதையைக் கை கால் ஆட்டிச் சொன்னது கேபிள்தான். "நான் பக்கத்துலயே இருந்தேங்க. ஒரு பக்கம் புரட்டினது கிடையாது. அது மூளை!" அக்கா கேக்கைக் கடிக்காமல் மேசையில் வைத்தாள். தண்ணீர் குடித்தாள். எழுந்து சர்வர் அறைக்குப் போனாள், எதற்கு வந்தோம் என்று தெரியாமல் திரும்பி வந்தாள்.

மத்தியானம் மற்றவர்கள் ஆளுக்கொரு வார்டுக்குப் போய்விட்டார்கள். கேபிள் தன் மேசை இழுப்பறையைக் காலி செய்துகொண்டிருந்தான். இடுக்கி, டெஸ்டர், டேப் சுருள் எல்லாம் மேசைமேல் வரிசையாக வந்தன.

"என்ன பண்ற?" என்றாள் அக்கா.

"நாலு மணிக்கு வர்றேன்னு மேலாளர்கிட்ட சொல்லியிருக்கேன்கா. போய்ச் சொல்லிடலாம்னு இருக்கேன். ரெண்டாவது தடவை எழுதலை. கிடங்குக்கே போயிடறேன்."

"பைத்தியமா உனக்கு? இன்னொரு வாய்ப்பு இருக்குல்ல?"

"எதுக்கு?" என்றான் அவன். குரலில் கோபமோ அழுகையோ ஒன்றும் இல்லை; எங்கே அறுந்திருக்கிறது என்று கண்டுபிடித்துவிட்டவனின் நிதானம்தான் இருந்தது. "படிச்சா வரும்னா படிச்சிருப்பேன்கா. ஆனா இது படிச்சு வர்றதில்லைன்னு உங்களைப் பாத்துத் தெரிஞ்சுபோச்சு. உங்களுக்கு இருபது வருஷம், அது உள்ள இறங்கியிருக்கு. நானும் உங்க பக்கத்துலயே பன்னெண்டு வருஷம் உக்காந்திருந்தேன், எனக்கு ஒண்ணும் இறங்கலை. கைதான் வேலை செஞ்சிருக்கு, தலை சும்மா இருந்திருக்கு. நல்லவேளை, இப்பவாவது தெரிஞ்சுது."

தொலைபேசி அடித்தது, அக்கா எடுத்து, "அப்புறம் கூப்பிடுறேன்" என்று வைத்தாள். எழுந்தாள், உட்கார்ந்தாள். சொல்லாவிட்டால் என்ன ஆகும் என்று ஒரு தடவை முழுதாக நினைத்துப் பார்த்தாள். ஒன்றும் ஆகாது. அவள் இங்கே அக்காவாக இருப்பாள், கதை இன்னும் பெரிதாகும். அவன் ஊருக்கு வெளியே பெட்டிகளுக்கு டேப் ஒட்டிக்கொண்டு, தன் தலையில் ஒன்றும் இல்லை என்று சாகும்வரை நம்பிக்கொண்டிருப்பான். அங்கேயும் யாரிடமாவது அவளைப் பற்றிப் பெருமையாகச் சொல்லுவான். அதை நினைத்தபோதுதான் அவளுக்கு உடம்பு கூசியது.

கைப்பையைத் திறந்து, சாப்பாட்டு டப்பாவை வெளியே எடுத்து வைத்துவிட்டு, அடியிலிருந்து புத்தகத்தை எடுத்தாள். காலண்டர் தாள் அட்டை கிழிந்து தொங்கியது. கொண்டுபோய் அவன் இடுக்கிக்கும் டெஸ்டருக்கும் நடுவில் வைத்தாள்.

கேபிள் அதைத் திறந்தான். பக்கத்துக்குப் பக்கம் பென்சில் கோடு. ஓரமெல்லாம் அவள் கையெழுத்து. ஓரிடத்தில் மஞ்சள் கறை, ஓரிடத்தில் குளியலறை ஈரத்தில் தாள் உப்பிப்போய் இருந்தது. 'முதலில்' என்ற சொல் வந்த இடத்திலெல்லாம் சுற்றி வட்டம். பிரிண்டரின் பக்கத்தில், அவள் மனப்பாடம் செய்ய எழுதிய ஏழு முதலெழுத்துகள்.

"பாப்பாவோடதா?" என்று கேட்டான்.

"இல்ல. என்னோடது."

அவனுக்கு உடனே விளங்கவில்லை. "பாஸ் பண்ணப்புறம் வாங்கினீங்களா?"

"மீட்டிங் நடந்துச்சு பாரு, அதுக்கு மறுநாள் வாங்கினது. அன்னைக்கு ராத்திரி வீட்டுல எழுதிப் பாத்தேன். பெயில். ரெண்டு தடவை பெயில், தம்பி. உனக்கு வந்த அதே கேள்வி, நீ போட்ட அதே விடை. வயரைத்தான் பாப்பேன்னு போட்டேன். தலையில இல்லாம இல்ல, உனக்கும் எனக்கும் இருக்கறது ஒண்ணுதான். நான் படிச்சேன். நீ படிக்கலை. படிக்க வேணாம்னு நான்தான் சொன்னேன்."

கேபிள் பக்கத்தைப் புரட்டிக்கொண்டே இருந்தான். "அப்ப நான் புத்தகம் கொண்டு வந்தேனே, அன்னைக்கு?"

"பையிலதான் இருந்துச்சு."

அவன் குனிந்து, அவள் நாற்காலிக்குப் பக்கத்தில் வாய் திறந்து கிடந்த கைப்பையைப் பார்த்தான். அங்கிருந்து தன் காலைப் பார்த்தான், தூரத்தை அளப்பதுபோல. அவன் கை இப்போதாவது காதுக்குப் போகாதா என்று அக்கா ஏங்கினாள். ஒரு இழு இழுத்து, 'பெரிய ஆளுக்கா நீங்க' என்று ஒரு வார்த்தை திட்டினால் போதும், காலில் விழுந்துகூட மன்னிப்புக் கேட்டுவிடுவாள். கை அசையவில்லை.

"நீ எழுதணும்" என்றாள். "இன்னும் நேரம் இருக்கு. நான் பக்கத்துல உக்காந்து சொல்லித் தர்றேன். எல்லாருக்கும் முன்னாடி நான் பண்ணதைச் சொல்லிடறேன். வேணும்னா இப்பவே மேல போய்ச் சொல்றேன்."

கேபிள் தொலைபேசியை எடுத்து, மேலாளரின் எண்ணை அழுத்தினான். "சார், கேபிள் பேசறேன். நாலு மணிக்கு வர்றேன்னு சொன்னேன்ல? வரலை சார். ரெண்டாவது தடவைக்கு என் பேரைப் போட்டுக்குங்க. ஆமா சார், எழுதறேன்." வைத்தான்.

அக்காவுக்கு மூச்சு வந்தது. அத்தனை நாளும் நெஞ்சை அழுத்திக்கொண்டிருந்தது இறங்கியதுபோல இருந்தது. அவன் இடுக்கியை, டெஸ்டரை, டேப்பை ஒவ்வொன்றாக இழுப்பறைக்குள் திருப்பி வைப்பதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு அவன் ஒரு கையால் மானிட்டரைத் தூக்கி, மறு கையால் அடியிலிருந்த தன் புத்தகத்தை உருவினான். மானிட்டரை இறக்கி வைத்தான். பழையபடி அது தாழ்ந்து உட்கார்ந்தது. புத்தகத்தின் மேலட்டையில் மானிட்டரின் கால் பதிந்த வட்டம் ஒன்று இருந்தது. அதைக் கட்டைவிரலால் தேய்த்தான்.

"அது எதுக்குப்பா? இதை எடுத்துட்டுப் போ" என்று அக்கா தன் புத்தகத்தை அவசரமாக அவன் பக்கம் தள்ளினாள். "முக்கியமானது எல்லாத்துலயும் கோடு போட்டிருக்கேன். பாதி வேலை மிச்சம்."

அவன் அவள் புத்தகத்தை மூடினான். கிழிந்து தொங்கிய காலண்டர் தாளை ஒழுங்காக மடித்து உள்ளே விட்டு, இரண்டு கையாலும் எடுத்து, அவள் மேசைமேல் வைத்தான்.

"பரவாயில்லைங்க. என்கிட்டயே ஒண்ணு இருக்கு, மேடம்."

மேலாளர்தான் இறங்கி வந்துவிட்டாரோ, யார் வந்து நிற்கிறார்கள் என்று அக்கா திரும்பிப் பார்த்தாள். பின்னால் யாரும் இல்லை.